ஸ்டுட்கார்ட்டில் வாடகை வீடு: சென்னையிலிருந்தே பிடித்துவிட்டு ஏற முடியுமா?

காவேரிக்கரை:
வணக்கம். ஜனவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்கிறேன், ப்ளூ கார்டு விசா. முதலில் நான் மட்டும். மனைவியும் ஐந்து வயது மகளும் ஏப்ரல் வாக்கில் வருவார்கள். பிடித்தம் போகக் கையில் 3,400 யூரோ வரும் என்கிறார்கள். சென்னையில் இருந்தபடியே வீட்டை உறுதி செய்ய முடியுமா? எத்தனை அறை பார்க்கணும்? அட்வான்ஸுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்? பார்க்கிற விளம்பரத்தில் எல்லாம் ஷூஃபா என்ற கடன் அறிக்கை கேட்கிறார்கள். புதிதாக வருபவனிடம் அது எப்படி இருக்கும்?

நெக்கர்நதி:
நிரந்தர வீடு என்றால் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் போட்ட அன்றே விண்ணப்பம் குவிகிற ஊர் இது. ஆளைப் பார்க்காமல் சாவி கொடுக்க வேண்டிய அவசியம் எந்த வீட்டுக்காரருக்கும் இல்லை. பார்க்காமலே தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அங்கே வீடே இருக்காது.

இரண்டு கட்டமாகப் போங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு மரச்சாமான்களோடு வரும் தற்காலிக வீடு. அதை அங்கிருந்தே பதிவு செய்யலாம், வாடகை கூடத்தான் இருக்கும். அங்கே இருந்துகொண்டு நிரந்தர வீடு தேடுங்கள். தற்காலிக வீட்டுக்குப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முகவரியில் அன்மெல்டுங் போடலாமா? முடியாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அன்மெல்டுங் என்பது குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவது. அதைப் போட்ட பிறகுதான் வருமான வரி எண் தபாலில் வரும், பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில். அந்த எண் இல்லாவிட்டால் அலுவலகம் உங்களை ஆறாம் வரி வகுப்பில் போட்டு எக்கச்சக்கமாகப் பிடிக்க வாய்ப்புண்டு. பிறகு திரும்பி வரும் என்றாலும் முதல் மாதத்தில் கை காய்ந்துவிடும். தங்கும் அனுமதி அட்டைக்கும் இதே பதிவுதான் கேட்பார்கள், பல வங்கிகளும் கேட்கும்.

பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் போதாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்று பெயர், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். அதைத் தர வேண்டியது அவருடைய சட்டக் கடமை. இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் நேரம் கிடைக்கவில்லை என்றால் முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை, பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் வரி எண், வங்கி அட்டை எல்லாமே வந்த வழியே திரும்பிவிடும்.

தனிவழி:
ப்ரோ, இதுக்கு ஏன் இவ்வளவு? ஃப்ரெண்ட் வீட்டு முகவரியில் அன்மெல்டுங் போட்டுட்டு நாம எங்க வேணா தங்கிக்கலாம். பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க.

நெக்கர்நதி:
@தனிவழி, நண்பர் வீட்டில் உண்மையாகவே தங்கினால் தாராளமாகப் போடலாம், அவருடைய வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால். தங்காமல் முகவரியை மட்டும் கடன் வாங்குவது வேறு. முகவரி கொடுத்தவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உதவிக்கு வந்தவர் தலையில் ஏன் கட்டணும்?

கணக்குப்பிள்ளை:
காசு விஷயத்துக்கு வருகிறேன்.

அறைக் கணக்கு நம்மூர் மாதிரி இல்லை. இங்கே ஹாலும் ஓர் அறைதான், சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. அதனால் 2 சிம்மர் (அறை) என்றால் நம்ம 1 பிஎச்கே, 3 சிம்மர் என்றால் 2 பிஎச்கே. மூன்று பேருக்கு 3 சிம்மர் தேடுங்கள், 60 சதுர மீட்டருக்கு மேலிருக்கும் 2 சிம்மர் வந்தாலும் தள்ளாதீர்கள்.

விளம்பரத்தில் இரண்டு தொகை இருக்கும். கால்ட்மீட்டெ என்பது வெறும் வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் வெப்பமூட்டல் சேர்ந்தால் வார்ம்மீட்டெ. மின்சாரமும் இணையமும் இரண்டிலும் வராது. முன்பு கேபிள் டிவி கட்டணத்தையும் வாடகையோடு சேர்த்துப் பிடிப்பார்கள், 2024 ஜூலை முதல் அது கூடாது. ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ தனி. ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

உதாரணத்துக்கு ஒரு வீடு: கால்ட் 980, உபரிச் செலவு 230, வார்ம் 1,210. உங்கள் 3,400க்கு இதுதான் எல்லைக்கோடு. வாடகை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வெகுவாகத் தாண்டினால் வீட்டுக்காரர்களே ஓரங்கட்டிவிடுவார்கள். ஸ்டுட்கார்ட் நகருக்குள் 3 சிம்மர் இந்தத் தொகைக்குக் கிடைப்பது சிரமம். ஃபெல்பாக், வைப்லிங்கன், எஸ்லிங்கன், லுட்விக்ஸ்பர்க், ப்யோப்லிங்கன் என்று எஸ்-பான் ரயில் போகிற ஊர்களையும் தேடலில் சேர்த்துவிடுங்கள்.

டெபாசிட், அதாவது கௌட்சியோன், அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டெ. மேலே சொன்ன வீட்டுக்கு 2,940. சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் கணக்கை மறந்துவிடுங்கள். மூன்று சம தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை வாடகை தொடங்கும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாத வாடகையோடு. ஆக முதல் மாதம் 1,210 + 980 = 2,190. ஆனால் தற்காலிக வீட்டுக்கும் நிரந்தர வீட்டுக்கும் ஒரே மாதத்தில் வாடகை கட்ட நேரிடும், சமையலறைக்குத் தனிச் செலவு வரும், படுக்கை, விளக்கு எல்லாம் இருக்கிறது. குறைந்தது 6,000 யூரோ ஒதுக்குங்கள்.

தரகருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம். 2015 ஜூன் முதல் தரகரை அமர்த்தியவர்தான் கூலி கொடுக்கணும், அது வீட்டுக்காரர். வீடு காட்டக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம் என்று யார் கேட்டாலும் நகர்ந்துவிடுங்கள்.

வன்னிப்பூ:
தம்பி, வார்ம் எண்டு போட்டிருக்கிறதை மட்டும் நம்பிப் போயிடாதேங்கோ. வீட்டை எதால சூடாக்கினம் எண்டு கேளுங்கோ. சில பழைய வீடுகளில இரவில மின்சாரத்தால சூடேறி, பகலில வெப்பம் விடுற பெரிய பெட்டி இருக்கும், நாக்ட்ஷ்பைகர் எண்டு சொல்லுவினம். விளம்பரத்தில வாடகை குறைவா வடிவாத் தெரியும். பிறகு கறண்ட் பில் வரேக்கதான் விளங்கும். சில வீடுகளில காஸ் ஹீற்றர் வீட்டுக்குள்ளயே இருந்து சூடாக்கும், அந்தக் காஸ் ஒப்பந்தமும் நீங்கள்தான் போட வேணும். ரெண்டிலயும் சூடாக்கிற காசு வாடகைக்குள்ள இல்லை. வீடு காட்டேக்க எரிசக்திச் சான்றிதழ் காட்டவேணும் எண்டு சட்டம் இருக்கு, கேட்டுப் பாருங்கோ.

மற்றது குசினி, உங்கட சமையலறை. இஞ்ச கன வீடுகளில குசினி எண்டால் நாலு சுவர்தான். சுவரில ரெண்டு தண்ணிக் குழாய் முனை, ஒரு கழிவுத் துவாரம், அடுப்புக்கு ஒரு மின்சாரப் பெட்டி. வேற ஒண்டும் இராது. லைற்றும் இராது, முகட்டில வயர் தொங்கும். விளம்பரத்தில ஐன்பௌக்யூஷெ எண்டு இருந்தால் குசினிச் சாமான் எல்லாம் பொருத்தியிருக்கு எண்டு அர்த்தம். சின்னப் பிள்ளையோட வாற ஆள், குசினி இருக்கிற வீட்டுக்கு அம்பது யூரோ கூடக் குடுத்தாலும் நட்டமில்லை.

காவேரிக்கரை:
மிக்க நன்றி. வன்னிப்பூ அக்கா, குசினி விஷயம் சுத்தமாகத் தெரியாது. ஷூஃபாவுக்கு என்ன செய்வது? அப்புறம் கணக்குப்பிள்ளை அண்ணா, காலி பண்ணும்போது கடைசி மூன்று மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாம்தானே?

கணக்குப்பிள்ளை:
கழிக்கக் கூடாது. நம்மூர்ப் பழக்கத்தில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். வாடகையைக் கடைசி மாதம் வரை கட்டணும், டெபாசிட் வீட்டை ஒப்படைத்த பிறகுதான். திரும்பி வர மூன்று முதல் ஆறு மாதம்கூட ஆகலாம். அந்த ஆண்டின் உபரிச் செலவுக் கணக்கு முடியவில்லை என்றால் ஒரு பகுதியை அதுவரை பிடித்து வைக்கவும் அவருக்கு இடமுண்டு. அந்த 230 முன்பணம் மட்டும்தான். கணக்கு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அவர் செலவுப் பட்டியல் அனுப்பணும். குறைவாகக் கட்டியிருந்தால் மீதி கேட்பார். கெடு தாண்டி அனுப்பினால், தாமதத்துக்கு அவர் காரணமில்லை என்று காட்டினால் ஒழிய, மீதி கேட்க முடியாது. நீங்கள் ஒருவராக நுழைந்து மூவராகும்போது தண்ணீர்ச் செலவு ஏறும், அதற்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

நெக்கர்நதி:
ஷூஃபா என்பது உங்கள் கடன் ஒழுங்கைச் சொல்லும் தனியார் நிறுவனத்தின் அறிக்கை. நாட்டுக்கு வந்து சில வாரமே ஆனவருக்கு அதில் எதுவும் இருக்காது. இல்லையென்பது கெட்ட பெயர் ஆகாது. முதல் செய்தியிலேயே ‘இந்த மாதம்தான் வந்தேன், அதனால் ஷூஃபாவில் பதிவு இல்லை, வேலை ஒப்பந்தம் இணைத்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் போதும். வங்கிக் கணக்கு திறந்து சில வாரம் கழித்து, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் தரவுப் பிரதியைக் கேட்டு வாங்கலாம். வீட்டுக்காரருக்குக் காட்டவென்று விற்கும் சான்று சுமார் 30 யூரோ. இலவசப் பிரதியில் உங்கள் கணக்கு விவரம் மொத்தமும் இருக்கும். அதை அப்படியே ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

கோப்பு ஒன்று செய்யுங்கள், எல்லாம் ஒரே பிடிஎஃப்: வேலை ஒப்பந்தம், கிடைத்திருந்தால் சம்பளச் சீட்டு மூன்று, நிரப்பிய சுயவிவரப் படிவம், பாஸ்போர்ட் விசா பக்கங்கள், முந்தைய வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். கடைசியது கட்டாயமில்லை. தற்காலிக வீட்டுக்காரர் கொடுத்தால் நல்லது. பாஸ்போர்ட் பிரதியின் குறுக்கே ‘வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று ஜெர்மனில் எழுதிவிடுங்கள். வீட்டை நேரில் பார்க்குமுன் பாஸ்போர்ட்டையும் சம்பளச் சீட்டையும் அனுப்பவே வேண்டாம்.

இம்மோஸ்கௌட், இம்மோவெல்ட், க்ளைன்அன்ட்ஸைகன் மூன்றிலும் தேடலைச் சேமித்து அறிவிப்பைப் போட்டு வையுங்கள். விளம்பரம் வந்த முதல் ஒரு மணி நேரத்தில் போகும் செய்திக்குத்தான் மதிப்பு. செய்தி ஜெர்மனில், ஆறு வரிக்குள். விளம்பரத்தில் பெயர் இருந்தால் பெயர் சொல்லி அழையுங்கள், ‘அன்புடையீர்’ என்று பொதுவாகப் போட்டால் ஐம்பது இடத்துக்கு ஒட்டிய செய்தி என்று தெரிந்துவிடும். வயது, வேலை, ஒப்பந்தம் நிரந்தரமா, கைக்கு வரும் சம்பளம், யார் யார் குடியிருப்பார்கள், புகைப்பழக்கமும் வளர்ப்புப் பிராணியும் இல்லை, எந்தத் தேதியிலிருந்து வேண்டும். அவ்வளவுதான். குடும்பம் ஏப்ரலில் வரும் என்பதை மறைக்காதீர்கள். மனைவி மக்களைச் சேர்த்துக்கொள்ள அவர் அனுமதி தேவையில்லை, தெரிவித்தால் போதும். ஆனாலும் ஒருவர் என்று சொல்லிக் குடிபுகுந்து மூவரானால் உறவு முதல் நாளே கசந்துவிடும்.

தனிவழி:
போலி விளம்பரம் பத்தி யாரும் சொல்லலையே. நான் சொல்றேன். நகர மையத்தில் 70 சதுர மீட்டர், வார்ம் 650, படத்துல ஹோட்டல் மாதிரி இருக்கும். ‘நான் வெளிநாட்டில் இருக்கேன், டெபாசிட் அனுப்புங்க, சாவி கூரியர்ல வரும், பிடிக்கலைன்னா பணம் திரும்ப’ன்னு மெயில் வரும். பிரபலத் தளம் மாதிரியே ஒரு போலி இணைப்பும் வரும். வீட்டுக்குள்ள கால் வைக்காம, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாம ஒரு சென்ட் போகக் கூடாது. படத்தை கூகுளில் தேடிப் பாருங்க, வேற ஊர் ஹோட்டலா இருக்கும்.

நெக்கர்நதி:
@தனிவழி, இதில் முழு உடன்பாடு. வங்கிச் செயலியில் ‘அடையாளம் சரிபார்க்கிறோம்’ என்று வீடியோ அழைப்புக்கு வரச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, அடுத்த ஆளிடம் வாங்கும் டெபாசிட்டை அதில் போட வைப்பார்கள். போலீஸ் முதலில் தேடி வருவது உங்களை.

காவேரிக்கரை:
ஒப்பந்தம் பத்துப் பதினைந்து பக்கம் ஜெர்மனில் இருக்குமாமே. எதைத் தேடிப் படிப்பது?

நெக்கர்நதி:
மூன்று இடம். ஒன்று, க்யூண்டிகுங்ஸ்ஃபெர்சிக்ட் என்ற சொல். இந்தக் காலம் வரை காலி செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று பொருள். நான்கு ஆண்டு வரை போடலாம். ஓராண்டு பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் பேசிக் குறையுங்கள். புதிதாக வந்தவருக்கு வேலை எங்கே மாறும் என்று தெரியாது.

இரண்டு, வாடகை ஏற்றம். ஷ்டாஃபல் என்றிருந்தால் எந்தத் தேதியில் எவ்வளவு ஏறும் என்று இன்றே எழுதியிருக்கும். இண்டெக்ஸ் என்றிருந்தால் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும், விலைவாசி எகிறுகிற ஆண்டில் வாடகையும் சேர்ந்து எகிறும்.

மூன்று, வண்ணமடித்துக் கொடுப்பது. வண்ணமடிக்காத வீட்டை ஈடு எதுவும் தராமல் ஒப்படைத்திருந்தால், காலி செய்யும்போது உங்களை வண்ணமடிக்கச் சொல்லும் விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் நுழையும் நாளில் சுவர் எப்படி இருந்தது என்பதற்குப் படம் முக்கியம்.

பிடிபடாவிட்டால் அந்த ஊர் மீட்டெர்ஃபெரைன், அதாவது குடித்தனக்காரர் சங்கத்தில் சேர்ந்து காட்டுங்கள். ஆண்டுச் சந்தாதான், வக்கீல்கள் பார்த்துச் சொல்வார்கள்.

தனிவழி:
க்யூண்டிகுங், அதான் காலி பண்ற நோட்டீஸ், அதைப் பத்திக் கவலை வேணாம். காலி பண்ண அவசரம்னா மூணு மாற்று ஆளைக் காட்டினா உடனே விட்டுடணும், அதான் ரூல்.

கணக்குப்பிள்ளை:
அப்படி ஒரு ரூலே இல்லை. ஜெர்மானியர்களே நம்பும் கட்டுக்கதை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, மாற்று ஆளை ஏற்பது வீட்டுக்காரர் விருப்பம். குடியிருப்பவருக்கு மூன்று மாத அறிவிப்பு. அந்த மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் அவர் கைக்குப் போயிருக்கணும். தபாலில் போட்ட தேதிக்கு மதிப்பில்லை. மார்ச் மாதம் கெடுவுக்குள் சேர்ந்தால் மே 31இல் முடியும், ஒரு நாள் பிந்தினால் ஜூன் 30. மின்னஞ்சல் செல்லாது. காகிதத்தில், மையில், ஒப்பந்தத்தில் பெயருள்ள எல்லோரும் கையெழுத்து. மனைவி பெயரும் இருந்தால் அவரும் போடணும்.

வன்னிப்பூ:
வீடு கிடைச்ச பிறகு வாற பிரச்சினையையும் சொல்லிவிடுறன், டெபாசிட் பிடிக்கிறது கூடுதலா இதிலதான். பூஞ்சணம். எங்கட சமையலில ஆவி கூட, அரிசி அவியும், இட்லி அவியும், உடுப்பையும் வீட்டுக்குள்ள காயப்போடுவம். குளிர்காலத்தில அந்த ஈரம் எல்லாம் குளிர்ந்த வெளிச்சுவர் மூலையில போய் ஒட்டும். அலுமாரியை வெளிச்சுவரோட ஒட்டி வைச்சால் அதுக்குப் பின்னால கறுத்துப் போகும், நகர்த்திப் பாக்கேக்கதான் தெரியும். ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கோ.

யன்னலை நாள் முழுக்கச் சரிச்சு வைக்கிறது பிழை. காத்து மாறாது, சுவர்தான் குளிரும். காலமையும் பின்னேரமும், சமைச்சு முடிஞ்ச கையோடயும், யன்னலை முழுசாத் திறந்து அஞ்சு பத்து நிமிசம் விடுங்கோ. அந்த நேரம் ஹீற்றரை நிப்பாட்டுங்கோ. ஈரப்பதம் பாக்கிற கருவி பத்து யூரோவுக்கு விக்குது. 60க்கு மேல நிண்டால் திறக்க வேணும்.

அடுப்புக்கு மேல இருக்கிற புகைபோக்கியும் கன இடத்தில காத்தை வெளியில அனுப்பாது, கரி வடிகட்டியால வடிச்சுத் திரும்ப வீட்டுக்குள்ளயே விடும். தாளிக்கிற மணம் போகாது, ஈரமும் போகாது. அந்தக் கரியை மாத்தவும் வேணும்.

சத்தம் எண்டால் இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் மிக்சி, கிரைண்டர், உடுப்பு மெசின் ஒண்டும் வேண்டாம். ஞாயிறு முழுக்கச் சுவரில துளை போடக் கூடாது. ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோக்கெ எண்டொரு வழக்கம் இருக்கு. உங்கட முறை வந்தால் கதவில ஒரு பலகை தொங்கும், அந்தக் கிழமை மாடிப்படி கூட்டித் துடைக்க வேணும். சிரிக்காதேங்கோ தம்பி, அயலட்டைச் சண்டை கனக்க இதிலதான் தொடங்கிறது.

கணக்குப்பிள்ளை:
சாவி வாங்கும் நாளுக்கு ஒரு சேர்க்கை. ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் அவசரப்படாதீர்கள். மின்சாரம், தண்ணீர், ஹீட்டர் மீட்டர் எண்களும் அளவுகளும், எத்தனை சாவி, தரையில் கீறல், ஜன்னல் ரப்பர், டைல்ஸ் துளை எல்லாம் அதில் வரணும். ‘சின்ன விஷயம், எழுத வேண்டாம்’ என்று அவர் சொன்னால், சின்னதுதானே, எழுதிவிடலாம் என்று சொல்லுங்கள்.

மின்சார ஒப்பந்தத்தைக் குடிபுகும் தேதிக்கு முன்பே போடுங்கள். 2025 ஜூன் முதல் பின்தேதியிட்டுச் சேர முடியாது. நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் விளக்கு எரியும், ஊரின் அடிப்படை வழங்குநர் கணக்கில். அது பெரும்பாலும் விலை கூடுதல். இரண்டு வார அறிவிப்பில் மாறலாம்.

ஹாஃப்ட்ப்ஃப்ளிக்ட், அதாவது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு, கட்டாயமில்லை, ஆனால் எடுக்காமல் இருக்காதீர்கள். வாடகை வீட்டுச் சேதமும் சாவி தொலைப்பும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். கட்டடம் முழுக்க ஒரே பூட்டு அமைப்பு என்றால் ஒரு சாவி தொலைந்ததற்கு எல்லாப் பூட்டையும் மாற்ற ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

காவேரிக்கரை:
கடைசியாக ஒன்று. ஃபெல்பாக்கில் ஒரு விளம்பரம், 2.5 சிம்மர், வார்ம் 1,190. ‘சமையலறையை முந்தைய குடித்தனக்காரரிடம் 1,800 யூரோவுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வன்னிப்பூ:
எத்தினை வருசப் பழசு எண்டு கேளுங்கோ தம்பி. பத்து வருசம் எண்டால் 1,800 கூட. அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவிற மெசின் எல்லாத்தையும் போட்டுப் பாருங்கோ. சிங்குக்குக் கீழ அலுமாரியைத் திறந்து கையை உள்ள விட்டுத் தடவுங்கோ. பலகை ஊதியிருந்தால் தண்ணி ஒழுகினது. அரைச் சிம்மர் எண்டது 10 சதுர மீட்டருக்கும் குறைஞ்ச சின்ன அறை, பிள்ளைக்குக் காணும்.

நெக்கர்நதி:
விலை பொருளின் மதிப்பைவிட வெகுவாகக் கூடியிருந்தால் அந்த மிகுதி செல்லாது, பேரம் பேசலாம். தனி விற்பனைச் சீட்டு எழுதுங்கள்: என்னென்ன பொருள், என்ன விலை, ‘வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானால் மட்டுமே இந்த விற்பனை செல்லும்’ என்ற வரி. பணம் சாவி வாங்கும் அன்று. முக்கியமாக, சமையலறை உங்களுடையது என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் போகும்போது அடுத்தவருக்கு விற்கலாமா, கழற்றி எடுக்கணுமா என்பதும் அதிலேயே இருக்கட்டும். கழற்ற வேண்டி வந்தால் அடுப்பை நீங்களே பிரிக்காதீர்கள். மூன்று கட்ட இணைப்பு, 400 வோல்ட். அதற்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.